வரைபடத்தில் ஓடும் கால்வாய்கள்

1

வரைபடம் நிலத்தைக் காட்டுகிறது என்ற நம்பிக்கை நம்மிடையே இன்னும் அசையாமல் இருக்கிறது. கதையையும் கவிதையையும் சந்தேகத்தோடு வாசிக்கப் பழகியவர்கள்கூட ஒரு தாலுகா வரைபடத்தைக் கையில் கொடுத்தால் அப்படியே நம்பிவிடுகிறார்கள். வரைபடத்துக்கு ஆசிரியன் கிடையாது, கதைசொல்லி கிடையாது, அது எதையும் சொல்லவில்லை, சும்மா காட்டுகிறது என்பதாக ஓர் எண்ணம். 1989இல் ஜே.பி.ஹார்லி என்ற வரைபட வரலாற்றாசிரியர் வரைபடத்தையும் கட்டவிழ்க்கலாம் என்று எழுதினார். அவருடைய வாதம் இந்தச் 'சும்மா'வுக்கு எதிரானதுதான். வரைபடம் ஒரு பிரதி. அதற்கென்று ஒரு சொல்லாட்சி உண்டு, மௌனங்கள் உண்டு, யார் காசு கொடுத்து வரையச் சொன்னார்கள் என்ற கேள்வியும் உண்டு.

ஹார்லி பேசியது பூமியின் வரைபடங்களைப் பற்றி. நான் இங்கே எடுத்துக்கொள்வது பிற கோள்களின், நிலாக்களின் வரைபடங்களையும் அவற்றின் உருண்டைகளையும். காரணம் எளியது. அங்கே எதிர்த்துக் கேட்க ஆள் கிடையாது. பூமியில் ஓர் ஊரின் பெயரைத் தப்பாக எழுதினால் அந்த ஊர்க்காரர் என்றைக்காவது 'எங்க ஊர்ப் பேரு அதில்லையே' என்று சொல்லக்கூடும். சந்திரனில் அந்தத் தொந்தரவு இல்லை. ஆகவே வரைதல், பெயரிடுதல் என்ற செயல்கள் தடையற்ற நிலையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அங்கேதான் கலப்பில்லாமல் பார்க்கலாம். நான் பார்ப்பது நரிக்குடி வட்டாரத்துக் கண்மாய்க் கரை ஒன்றிலிருந்து. வறண்ட நாட்டிலிருந்து பார்த்தால் சில கோடுகள் வேறுவிதமாகத் தெரிகின்றன.

2

நம் மரபில் கிரகம் ஓர் இடமாக இருந்ததில்லை. அது ஒரு பார்வை. குருப் பார்வை, சனிப் பார்வை என்கிறோம். நவக்கிரகச் சந்நிதியில் ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பாராமல் நிற்கிறார்கள். பஞ்சாங்கம் அவர்களுடைய பெயர்ச்சியைக் கணக்கிட்டது. அவர்கள் மேல் மலை இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று கேட்க அதற்கு அவசியமில்லை. கிரகம் நம்மைப் பார்த்தது. நாம் அதற்குப் பயந்தோம், எள் தீபம் ஏற்றினோம்.

தொலைநோக்கி வந்தபின் இந்தப் பார்வை திரும்பிக்கொண்டது. 1609இல் இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட்டும் அதையடுத்து இத்தாலியில் கலிலியோவும் சந்திரனைத் தொலைநோக்கி வழியே பார்த்து வரைந்தார்கள். பார்க்கப்படும் பொருளாக ஆனவுடன் கிரகம் நிலமாகிவிட்டது. நிலம் என்று வந்துவிட்டால் அடுத்து பெயர், எல்லை, பட்டா.

1645இல் மிக்கேல் வான் லாங்ரன் வெளியிட்ட சந்திர வரைபடத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அவர் ஸ்பானிய அரசரின் ஊழியத்தில் இருந்தவர். ஆகவே சந்திரனின் மிகப்பெரிய 'சமுத்திர'த்துக்கு நான்காம் பிலிப் மன்னரின் பெயர். ஒரு பெரிய பள்ளத்துக்குத் தன் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டார். மன்னர் பெயர் போய்விட்டது, லாங்ரன் பெயர் இன்றும் நிற்கிறது. 1647இல் டான்சிக் நகரத்து ஹெவேலியஸ் ஆட்களின் பெயர் வைத்தால் பொறாமை வரும் என்று கருதியவர் போல மத்தியதரைக்கடல் ஓரத்துப் பூகோளத்தையே மேலே தூக்கி வைத்தார். ஆல்ப்ஸ், அப்பினைன் மலைகள் சந்திரனுக்குப் போனது அப்படித்தான். 1651இல் போலோஞா நகரத்து ஏசுசபைத் துறவி ரிச்சோலி தம் சகதுறவி கிரிமால்டி வரைந்த படத்தில் அறிஞர்களின் பெயர்களை எழுதினார். பூமி சுற்றுகிறது என்று சொன்ன கோப்பர்நிக்கஸுக்குப் புயல்களின் சமுத்திரத்தில் இடம் கொடுத்தார். அது தண்டனையா மரியாதையா என்பது இன்றைக்கும் வாதத்துக்குரியது. தமக்கும் கிரிமால்டிக்கும் பெரிய பள்ளங்களாகவே ஒதுக்கிக்கொண்டார். இன்று உலகம் பயன்படுத்தும் சந்திரப் பெயர் முறையின் அடித்தளம் ரிச்சோலியுடையது.

மூன்று படங்களும் ஒரே பொருளின் மேல் எழுதப்பட்டவை. பள்ளங்கள் மாறவில்லை, மாறியதெல்லாம் எழுதுகிறவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது. ஒருவர் அரண்மனைக்கு, ஒருவர் கிரேக்கச் செவ்வியலுக்கு, ஒருவர் சபைக்கு. எந்தப் படம் தங்கியது என்பதைத் தீர்மானித்ததும் சந்திரன் அல்ல.

3

பெயர் விஷயத்தில் இப்படி என்றால் கோடு விஷயத்தில் என்ன நடந்தது? இங்கேதான் நரிக்குடிக்காரன் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1877இல் செவ்வாய் பூமிக்கு அருகில் வந்தபோது மிலான் வானாய்வகத்தில் ஷியாபரெல்லி அதன் மேல் நீண்ட கோடுகளைக் கண்டு வரைந்தார். அவற்றை 'கனாலி' என்றார். இத்தாலியில் அந்தச் சொல் இயற்கையான நீர்த்தடத்தையும் குறிக்கும், வெட்டிய கால்வாயையும் குறிக்கும். ஆங்கிலத்துக்குப் போனபோது அது வெட்டிய கால்வாயாக மட்டும் ஆகிவிட்டது. நம் பக்கத்தில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. ஓடை என்றால் தானாக ஓடியது. கால் என்றால் ஆள் வெட்டியது. வரத்துக்கால் என்றால் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவர வெட்டியது. தமிழில் பெயர்த்திருந்தால் ஷியாபரெல்லியிடம் 'ஓடையா, காலா?' என்று கேட்டிருப்பார்கள்.

கேட்காததால் ஒரு கதையாடல் பிறந்தது. அமெரிக்காவில் பெர்சிவல் லோவல் என்ற செல்வந்தர் அரிசோனாவில் சொந்தமாக வானாய்வகம் கட்டி அந்தக் கோடுகளை நூற்றுக்கணக்கில் பெருக்கினார். 1895இல் 'செவ்வாய்' என்ற நூலை வெளியிட்டார். வற்றிக்கொண்டிருக்கும் கிரகம், துருவத்துப் பனியை உருக்கிக் கால்வாய் வழியே வறண்ட நிலத்துக்குக் கொண்டுவரும் புத்திசாலி இனம் என்பது அவர் கதை. சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டிருந்தது. காலனிய அரசுகள் எங்கும் அணையும் கால்வாயும் கட்டிக்கொண்டிருந்தன. மேற்கே ஓடிய பெரியாற்றை மலை குடைந்து கிழக்கே திருப்பிய பெரியாறு அணை திறக்கப்பட்டதும் அதே 1895இல்தான். பென்னிகுயிக்கின் வரைபடமும் லோவலின் வரைபடமும் ஒரே காலத்தின் இரண்டு பிரதிகள். பொறியாளன் நிலத்தைத் திருத்தினால் வறட்சி தீரும் என்பது இரண்டுக்கும் பொதுவான நம்பிக்கை. ஒன்றில் தண்ணீர் வந்தது, ஒன்றில் வரவில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் கோடுகள் உருண்டைகளிலும் ஏறின. டென்மார்க்கைச் சேர்ந்த இங்கெபோர்க் புரூன் என்ற பெண் 1909ஐ ஒட்டிய ஆண்டுகளில், நோயோடு போராடியபடியே, லோவலின் படத்தைப் பார்த்துக் கையால் செவ்வாய் உருண்டைகளைத் தீட்டினார். அவருக்கு அந்தக் கால்வாய்கள் வெறும் பொறியியல் அல்ல. ஒரு கிரகம் முழுவதும் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டுமென்றால் அங்கே சண்டையற்ற, கூடிவாழும் சமூகம் இருக்க வேண்டும் என்று அவர் வாசித்தார். இல்லாத கால்வாயிலிருந்து ஒரு பொதுவுடைமைக் கனவு. இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒரு கால்வாயைப் பார்த்தவுடன் 'தண்ணீர் யாருக்கு, எந்த முறையில்?' என்று கேட்ட ஒரே செவ்வாய் வாசகர் அவர்தான் என்று எனக்குப் படுகிறது. குடிமராமத்து நடந்த நாட்டில் அந்தக் கேள்வி புரியும். மடை திறக்க இறங்கிய ஆள் எந்தத் தெருவைச் சேர்ந்தவர், திறந்த தண்ணீர் எந்தத் தெருக்காரர் வயலுக்கு முதலில் போனது என்பதும் அந்தக் கேள்விக்குள் அடங்கும் என்பதை மட்டும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மறுப்புகளும் வந்தன. 1907இல் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், பரிணாமக் கொள்கையில் டார்வினின் கூட்டாளி, பாலைவனத்தின் குறுக்கே திறந்த கால்வாயில் தண்ணீரை அவ்வளவு தூரம் ஓட்டினால் வழியிலேயே ஆவியாகிவிடும், அறிவுள்ளவன் அதைச் செய்யமாட்டான் என்று எழுதினார். இது விஞ்ஞானியின் வாதம் என்பதைவிடக் கரிசல் சம்சாரியின் வாதம். கோடை வெயிலில் காலில் விட்ட தண்ணீர் கடைமடை சேருமா என்று தெரியாதவர் இங்கே யார்? 1909இல் பாரிஸ் அருகே மூதோன் வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கியில் பார்த்த அந்தோனியாதி கோடுகள் கலைந்து புள்ளிகளும் திட்டுகளுமாகப் போவதைக் கண்டார். 1965 ஜூலையில் மரைனர்-4 அனுப்பிய படங்களில் பள்ளங்கள்தான் இருந்தன. கால்வாய் ஒன்றுகூட இல்லை.

செவ்வாயில் கால்வாய் வரைபடத்தில் இருந்தது, நிலத்தில் இல்லை. அது தெரிந்ததும் வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நரிக்குடி வட்டாரத்தின் கிராம வரைபடங்களை எடுத்துப் பாருங்கள். கண்மாய்க்கு வரத்துக்கால், கண்மாயிலிருந்து அடுத்த கண்மாய்க்கு உபரிக்கால் என்று சங்கிலித் தொடராகக் கோடுகள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் புல எண் உண்டு, புறம்போக்கு வாய்க்கால் என்ற வகைப்பாடும் உண்டு. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் நடந்தால் பல இடங்களில் சீமைக்கருவேல், தூர்ந்த மேடு, யாரோ உழுது சேர்த்துக்கொண்ட வரப்பு. காயிதத்துல தண்ணி ஓடுது, காட்டுல இல்ல. லோவலின் கால்வாய்கள் எழுபது ஆண்டுகளில் பொய்யாகிப் போயின. நம்முடையவற்றைப் பொய் என்று சொல்ல எந்த அலுவலகமும் துணியாது. சொன்னால் அவற்றைத் தோண்ட வேண்டியிருக்கும்.

பெரியாற்றின் பாசனக் கால்வாய்கள் மதுரை, மேலூர்ப் பக்கம் போயின. நரிக்குடிப் பக்கம் மழையை நம்பிய கண்மாய்ப் பாசனம்தான். கிருதுமால் நதியில் எப்போதாவது வைகைத் தண்ணீர் திறந்துவிட்டால் உண்டு.

4

இப்போது யாருக்குப் பெயர் வைக்கும் அதிகாரம்? 1919இல் தொடங்கிய சர்வதேச வானியல் ஒன்றியம்தான் கோள்களின் தாசில்தார் அலுவலகம். அதன் விதிகளை இலக்கியப் பிரதியாக வாசிக்கலாம்.

வெள்ளியின் மேகமூட்டத்தைத் துளைத்து 1990 முதல் 1994 வரை மெகல்லன் கலம் ராடார் மூலம் அதன் தரையை வரைந்தது. நாம் பார்க்கும் அந்த ஆரஞ்சு நிறம்கூட ராடார் கண்டதல்ல. முன்பு இறங்கிய சோவியத் வெனேரா கலங்களின் படங்களை வைத்துப் பூசியது. வெள்ளியின் விதி: எல்லாப் பெயர்களும் பெண் பெயர்கள். மூன்று விதிவிலக்குகள். அவற்றில் ஒன்று மாக்ஸ்வெல் மலை. அதுதான் வெள்ளியிலேயே உயரமானது, லட்சுமி பீடபூமியின் கிழக்கோரத்தில் நிற்கிறது. பெண்களுக்கென்று ஒதுக்கிய உலகத்தின் உச்சியில் ஓர் ஆண். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

பள்ளங்களுக்கும் படிநிலை உண்டு. 20 கி.மீ.க்கு மேற்பட்ட பள்ளம் புகழ்பெற்று மறைந்த பெண்ணுக்கு. அதற்குக் கீழே வெறும் பெண் பெயர். யாரையும் குறிக்காத ஏதோ ஒரு முதற்பெயர். சரித்திரத்தில் பெயர் உள்ளவளுக்குப் பெரும்பள்ளம், பெயர் மட்டுமே உள்ளவளுக்குச் சிறுபள்ளம். அந்த முதல் வகையில் ஒரு தமிழ்ப் புலவர் இருக்கிறார், ஔவையார். ஆனால் ரோமன் எழுத்தில் அவர் 'அவ்வியர்' என்று பதிவாகியிருக்கிறார். தமிழில் அவ்வியம் என்றால் பொறாமை. குழந்தைகளுக்கு அவ்வியத்தைக் கண்டித்துச் சொன்னவர் வெள்ளியில் அவ்வியக்காரியாக நிற்கிறார். எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாத இடத்தில் பெயர் இப்படித்தான் ஆகும்.

வெள்ளியில் கொற்றவையும் இருக்கிறாள். ஒரு நீண்ட பிளவுப் பள்ளத்தாக்குக்கு அவள் பெயர். அதிகாரபூர்வக் குறிப்பு அவளைத் திராவிட வேட்டைத் தெய்வம் என்கிறது. பள்ளத்தாக்குகளுக்கு வேட்டைத் தெய்வங்கள், நிலாத் தெய்வங்கள் என்பது விதி. ஆகவே போர்த் தெய்வம், பாலைத் தெய்வம், எயினர் பலியிட்ட தெய்வம் என்ற மற்ற முகங்கள் உதிர்ந்து வேட்டை மட்டும் மிஞ்சியது. பாலையின் தெய்வத்தை 460 பாகை செல்சியஸ் கொதிக்கும் நிலத்தில் வைத்தது தற்செயலாகவே பொருத்தமாக அமைந்துவிட்டது.

இதில் என் வாதத்துக்கு முக்கியமானது வேறு. ஒன்றியத்தின் பொதுவிதி மதச்சார்புள்ள பெயர்களைத் தடுக்கிறது. அப்படியானால் லட்சுமி எப்படி நுழைந்தாள்? புராணம் என்ற வாசல் வழியாக. வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றி வணங்கப்படும் ஒரு தெய்வத்தை, கோயில் இடிந்து பல நூற்றாண்டுகளான கிரேக்கத் தெய்வங்களோடு ஒரே பெட்டியில் போடலாம். எது மதம், எது புராணம் என்று பிரிக்கும் கோடு வானியலுக்கு வெளியே போடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் கீழைத்தேயவியல் போட்ட கோடு அது.

அந்த வாசலை நம் அரசு நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறது. 2008 நவம்பர் 14 அன்று சந்திரயான்-1இன் மோதுகலம் விழுந்த இடத்துக்கு ஜவகர் பெயர். அன்று நேருவின் பிறந்தநாள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய இடத்துக்கு மூன்று நாள் கழித்துப் பிரதமர் வைத்த பெயர் சிவசக்தி. 2024 மார்ச்சில் ஒன்றியம் அதை ஏற்றது, இந்தியப் புராணத்திலிருந்து வந்த கூட்டுச்சொல் என்ற விளக்கத்தோடு. உள்ளூரில் பக்தி, வெளியூரில் புராணம். கீழைத்தேயவியல் நம்மேல் போட்ட கோட்டையே நாம் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டோம். அரசர் பிலிப்பின் சமுத்திரத்துக்கும் இதற்கும் இடையில் 378 ஆண்டுகள்.

5

செவ்வாய்க்குத் திரும்புவோம். அங்கே பெரிய பள்ளங்கள் மறைந்த விஞ்ஞானிகளுக்கும் எழுத்தாளர்களுக்கும். சிறிய பள்ளங்களுக்கு ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட, உலகின் ஏதாவதொரு சிற்றூரின் பெயர். அதாவது நரிக்குடி தகுதி பெறுகிறது. நாளைக்கே ஒரு பள்ளத்துக்கு அதைச் சூட்டலாம்.

ஆனால் விதியின் பின்குறிப்பு ஒன்று இருக்கிறது: இந்தப் பட்டியல் வெறும் பெயர்க் களஞ்சியம், எந்த ஊரையும் நினைவுகூரும் நோக்கம் இதில் கிடையாது. குறிப்பானைக் குறிப்பீட்டிலிருந்து அறுத்தெடுப்பது பற்றி எவ்வளவோ கோட்பாடு படித்திருக்கிறோம். அதை இவ்வளவு நிதானமாக, அலுவலக மொழியில் சொன்ன பிரதி வேறெதையும் நான் பார்த்ததில்லை. பெயர் வேண்டும், ஊர் வேண்டாம். நரி வேண்டாம், குடியும் வேண்டாம், அந்த ஓசை போதும்.

ஊர்கள் இதற்குக் கட்டுப்படுவதில்லை என்பதும் உண்மை. 2024இல் செவ்வாயின் இரண்டு சிறு பள்ளங்களுக்கு உத்தரப்பிரதேசத்து முர்சான், பீகாரின் ஹில்சா என்று பெயர் ஏற்கப்பட்டது. இரண்டும் அகமதாபாத் ஆய்வுக்கூடத்தில் அந்த ஆய்வோடு தொடர்புடையவர்களின் சொந்த ஊர்கள். 2025இல் கேரளத்துப் பெயர்கள் போயின. தும்பா, வர்க்கலா, பேக்கல் ஆகியவற்றோடு பெரியாறும். ஒரு பழைய நீர்த்தடத்துக்குப் பெரியாறு என்று பெயர். நினைவுகூரும் நோக்கமில்லை என்று விதி சொல்லட்டும், விண்ணப்பித்தவர்களுக்கு நினைவு இருந்தது. பிரதியின் விதி ஒன்று, வாசிப்பு வேறொன்று. இதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் நினைவு யாருடையது என்பதைப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்துக்குள் போன ஒருவர் இருக்கும் ஊருக்கு மட்டுமே அந்த நினைவு கிடைக்கிறது. 1895இல் கிழக்கே திருப்பப்பட்ட பெரியாறு 2025இல் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நரிக்குடி அந்த வரிசையில் இன்னும் நிற்கிறது, இரண்டு இடத்திலும்.

பெயர் வேண்டும், ஊர் வேண்டாம் என்பது செவ்வாய்க்கு மட்டும் உரிய மனோபாவமா? எங்கள் பக்கத்தில் ஒரு கண்மாயில் எத்தனை மடை உண்டோ அத்தனை பெயர் உண்டு. உள்வாயில் மேட்டுக்கு ஒரு பெயர், பள்ளத்துக்கு ஒரு பெயர், கலுங்குக்கு ஒரு பெயர். எந்த மழைக்கு எது முங்கும் என்ற கணக்கு அந்தப் பெயர்களுக்குள் இருக்கிறது. கிராம வரைபடத்தில் அவ்வளவும் ஒரே எண்ணாகிவிடுகிறது. நரிக்குடி என்ற பெயர் மாவட்ட வரைபடத்தில் இருக்கிறது. 1985 வரை இராமநாதபுரத்தின் ஓரத்தில், பின்பு விருதுநகரின் ஓரத்தில். இருந்தாலும் அந்த வரைபடமும் யாரையும் நினைவுகூரும் நோக்கத்தில் போடப்பட்டதல்ல.

6

இதையெல்லாம் வைத்து, கோள்களின் வரைபடம் அதிகாரத்தின் புனைவு, தூக்கிப் போடு என்று முடிப்பது சுலபம். அந்தச் சுலபத்தில் எனக்குச் சம்மதமில்லை.

1959 அக்டோபரில் சோவியத்தின் லூனா-3 சந்திரனின் மறுபக்கத்தை முதன்முதலாகப் படமெடுத்தது. மங்கலான படங்கள். அவற்றில் தெரிந்த ஒரு வெளிச்சக் கோட்டை மலைத்தொடர் என்று வாசித்து சோவியத் மலைகள் என்று பெயரிட்டார்கள். உருண்டைகளிலும் ஏற்றினார்கள். பிறகு வந்த தெளிவான படங்களில் அங்கே மலையே இல்லை. சிதறிய மண்ணின் வெளிச்சக் கீற்று. பெயர் நீக்கப்பட்டது. ஒரு வல்லரசு தன் பெயரில் வைத்த மலைத்தொடர், அந்த வல்லரசு உயிரோடிருக்கும்போதே, பார்த்துச் சரிபார்த்ததன் பேரில் இல்லாமல் போயிற்று. லோவலின் கால்வாய்களும் அப்படித்தான் போயின. பெயர்களில் அதிகாரம் ஒளிந்திருக்கிறது, சரி. ஆனால் கோடு தப்பு என்றால் அழிக்கும் வழக்கமும் அந்தத் துறையில் இருக்கிறது. வரைபடத்தை நிலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அங்கே துரோகமாகக் கருதப்படுவதில்லை.

2019இல் ஏவப்பட்ட சந்திரயான்-2 சுற்றுகலத்தின் கேமராவால் சந்திரனின் தரையில் சுமார் 30 செ.மீ. அளவுள்ள பொருளைப் பிரித்துப் பார்க்க முடியும். சந்திரனில் இறங்கிப் பழகுவதற்கான மண்ணை இஸ்ரோ எடுத்தது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளிலிருந்து. சந்திரனின் மேட்டுநிலப் பாறையும் அதுவும் ஒரே வகை என்பதால். அதாவது அந்த நிலத்துக்கும் நம் நிலத்துக்கும் இடையிலான தூரம் நினைப்பதைவிடக் குறைவு. அதே கண்ணால், அதே துல்லியத்தால் ஒரு வரத்துக்காலை அடி அடியாகப் பார்த்துவிட முடியும். செயற்கைக்கோள் படங்களில் இன்று எல்லாமே தெரிகிறது, ஆக்கிரமிப்பு உட்பட. பார்க்க முடியாதது அல்ல சிக்கல். பார்த்ததைக் கோட்டில் ஏற்றினால் யாருடைய வரப்பு உடையும் என்பதுதான்.

ஆகவே வேற்றுக்கிரக வரைபடங்களை வாசிப்பதில் நமக்கு இரண்டு படிப்பினைகள் கிடைக்கின்றன. பெயர் விஷயத்தில் அவற்றைச் சந்தேகிக்க வேண்டும். கோடு விஷயத்தில் அவற்றிடம் கற்றுக்கொள்ள வேண்டும். நாம் இதுவரை நேர்மாறாகச் செய்துவருகிறோம். சந்திரனில் சூட்டிய பெயருக்குக் கைதட்டுகிறோம், ஊர் வரைபடத்தின் கோட்டை உண்மை என்று நம்பிவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

இல்லாத கால்வாயை ஒரு கிரகத்தின் முகத்திலிருந்து துடைத்தெடுக்க ஒரு மரைனர் போதுமானதாக இருந்தது. இருக்க வேண்டிய கால்வாயை நரிக்குடியின் தரையில் திரும்ப எழுத எந்தக் கலம் வரவேண்டும் என்பது வானியல் பதில் சொல்லும் கேள்வி அல்ல. கிராம வரைபடத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, கோட்டின் மேல் நாலு பேர் சேர்ந்து நடந்து பார்ப்பதில்தான் அது தொடங்கும்.